மடக்கு பெஞ்சா, திண்ணையா, விசுப்பலகையா? முதலில் சுவரைப் பாருங்கள்

காவிரி டெல்டா வீடுகளில் ரேழிக்கு, அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் நடைக்கு, ஒரு வேலை மட்டும் கிடையாது. காலையில் செருப்பு மாட்ட உட்காரும் இடம் அதுதான். சாயங்காலம் வந்தவரை உட்கார வைத்துப் பேசும் இடமும் அதுதான். ராத்திரி வாசல் கதவைச் சாத்துவதற்கு முன் ஸ்கூட்டரையும் சைக்கிளையும் ஏற்றி நிறுத்துவதும் அங்கேதான். குறுவை அறுத்து, மழை மிரட்டுகிற ஐப்பசியில், கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல் மூட்டை அடுக்க வேறு இடமில்லாத வீடுகளும் உண்டு. இப்படி நாளுக்கு நாலு தடவை உருமாறும் இடத்தில் நிரந்தரமாக ஒரு இருக்கையைப் போட்டால், யாராவது ஒருவர் தினமும் அதில் இடித்துக்கொள்வார். அதனால்தான் சுவரோடு மடிந்து கிடந்து, வேண்டும்போது மட்டும் விரிகிற பெஞ்ச் வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

ஆனால் கடையிலும் இணையத்திலும் காட்டுகிற படங்களில் பெஞ்ச் மட்டும்தான் தெரிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் சுவர் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. கும்பகோணத்தில் எண்பது வருஷத்து ஓட்டு வீட்டுச் சுவரும், தஞ்சாவூர் புறநகரில் போன வருஷம் கட்டிய வீட்டின் கான்கிரீட் தூணும் ஒன்றல்ல. ஒரே பெஞ்ச் ஓரிடத்தில் இருபது வருஷம் நிற்கும், இன்னோரிடத்தில் ஒரே மழைக்காலத்தில் பூச்சோடு பெயர்ந்து வரும். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, சுவரில் கீல் வைத்து, முன்பக்கம் கால் இறங்கித் தரையில் ஊன்றுகிற மடக்கு பெஞ்ச்தான் பொருத்தம். காலே இல்லாமல், சுவரில் மாட்டிய இரும்புத் தாங்கியில் அந்தரத்தில் நிற்கிற அழகான பிராக்கெட் வகை சில வீடுகளுக்கு மட்டுமே சரிப்படும். ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

பதினெட்டு அங்குலத்தில் என்ன இருக்கிறது

உட்காரும் பலகையின் உயரம் தரையிலிருந்து 17, 18 அங்குலம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு 19 வரை போகலாம். அப்படியானால் கீலும் போல்டும் சுவரில் ஒன்றரை அடி உயரத்தில் இறங்க வேண்டும். டெல்டாவில் ஒரு சுவரின் மிக மோசமான பகுதியே இதுதான்.

களிமண் பூமி, மேலேயே கிடக்கும் நிலத்தடி நீர், ஐப்பசி, கார்த்திகை அடைமழை எல்லாம் சேர்ந்து சுவரின் அடிப்பாகத்தில் ஓதத்தை, அதாவது தரையிலிருந்து ஊறும் ஈரத்தை, ஏற்றுகின்றன. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு போடாத பழைய வீடுகளில் ஓதம் மூன்றடி வரை ஏறும். சுவர் வெளியே காயக் காய, நீரோடு வந்த உப்பு பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவே படிந்து பூக்கிறது, பூச்சைத் தள்ளி உப்ப வைக்கிறது, பொருபொருவென்று உதிர வைக்கிறது. சுண்ணாம்பு அடித்து, பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். கையால் தட்டினால் தெரிந்துவிடும். விரலை மடக்கி, அதன் கணுவால், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொடங்கி நாலடி வரை தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும் இடத்தில் பூச்சு செங்கலைப் பிடித்திருக்கிறது. 'டொப்' என்று உள்ளே வெற்றிடம் கேட்டால் பூச்சு விட்டுவிட்டது. பல வீடுகளில் அந்த ஒலி மாறும் கோடு மூன்றடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதைவிடத் தெளிவான சாட்சி டிரில் பிட்டில் ஒட்டி வரும் தூள். கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத ஒரு மூலையில், பெஞ்ச் வரப்போகிற அதே உயரத்தில் ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் தூள் வந்தால் அது சிமென்ட் பூச்சு. வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ வந்தால் சுண்ணாம்பு. பிறகு சிவப்புத் தூள் உலர்ந்து கொட்டிக்கொண்டே இருந்தால் நல்ல செங்கல், நம்பலாம். அழுத்தாமலே பிட் தானாக உள்ளே ஓடினால் அது இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கும் சாந்து. அங்கே எந்த போல்டும் நிற்காது. தூள் சகதியாகி பிட்டில் அப்பிக்கொண்டு வந்தால் உள்ளே ஓதம் இருக்கிறது. மண் நிறத்தில் மெத்தென்று வந்தால் களிமண் சாந்து வைத்துக் கட்டிய சுவர். பழைய ஊர்ப்புற வீடுகளில் வெளியே சுண்ணாம்புப் பூச்சு வழவழப்பாக இருக்கும், உள்ளே மண் சாந்துதான் இருக்கும். அந்தச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகவே தாங்கும், அதனால்தான் கூரையைச் சுமந்துகொண்டு இத்தனை காலம் நிற்கிறது. வெளிப்பக்கமாக இழுக்கிற பாரத்தை அதனால் தாங்க முடியாது.

புதிய வீடுகளிலும் எல்லாச் சுவரும் ஒன்றல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நல்லது. அறைகளைப் பிரிக்கிற நாலரை அங்குலச் சுவரில் அந்தரத்து பெஞ்ச் கூடவே கூடாது. ஹாலோ பிளாக்கிலும், எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லிலும் சாதாரண போல்ட் பிடிக்காது. அவற்றுக்கு ரசாயனப் பசை விட்டு இறக்கும் ஆங்கர் வேண்டும், இல்லையென்றால் சுவரின் மறுபக்கம் வரை போகிற போல்ட் போட்டு, அங்கே நாலு அங்குலத் தகடு வைத்து முடுக்க வேண்டும். வீட்டில் கான்கிரீட் தூண் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், பெஞ்சின் ஒரு முனையையாவது அதில் கொண்டுபோய் மாட்டுவது புத்திசாலித்தனம்.

போல்டை இழுக்கிற பாரம் எவ்வளவு

இரண்டு பேர் உட்காருகிறார்கள், இருவருமாக 140 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பலகையின் அகலம் 16 அங்குலம். உடம்பின் பாரம் சுவரிலிருந்து சுமார் 10 அங்குலத்தில் இறங்கும். கடையில் கிடைக்கும் மடக்கு பிராக்கெட்டில், சுவரில் பதியும் பட்டையின் மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் இடையே 6 அங்குலம் இருந்தால், மேல் போல்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிற விசை 140 ஐ 10 ஆல் பெருக்கி 6 ஆல் வகுத்தால் கிடைக்கும். ஏறத்தாழ 233 கிலோ. உட்காருபவரின் எடையைவிட அதிகம். இதுவும் மெல்ல உட்கார்ந்தால்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து வந்து 'அப்பாடா' என்று தொப்பென்று விழுந்தால், அந்த ஒரு நொடியில் விசை இன்னும் பெரிதாகும். பிராக்கெட் பெட்டியில் அச்சடித்திருக்கிற எடை, கெட்டியான சுவரில், பலகை முழுக்கப் பரவிய, அசையாத பாரத்துக்கானது. அது ஜோடிக்கா, ஒன்றுக்கா என்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே பெஞ்சுக்கு முன்பக்கம், சுவரிலிருந்து 14 அங்குலத்தில், கால் இருக்கிறது என்று வையுங்கள். 140 கிலோவில் 100 கிலோ தரைக்குப் போய்விடும். மிச்சம் 40 கிலோதான் சுவருக்கு வரும், அதுவும் கீழ்நோக்கிய பாரம். வெளியே பிடுங்குகிற விசை இல்லவே இல்லை என்று சொல்லலாம். பழைய சுண்ணாம்புச் சுவர் இதைச் சுலபமாகத் தாங்கும். இந்த இரண்டு கணக்குக்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் என் முடிவுக்குக் காரணம்.

சங்கிலி வகை நடுவில் வருகிறது. ரயிலில் நடு பெர்த்தைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிடுவதைப் போல, பலகையின் முன் ஓரத்திலிருந்து சங்கிலி மேலேறிச் சுவரில் கொக்கியோடு சேரும். பலகைக்கு இரண்டடி மேலே கொக்கி இருந்தால், சுவரை வெளியே இழுக்கும் விசை 58 கிலோ அளவுதான், அதுவும் இரண்டு கொக்கிக்குப் பிரிகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. கொக்கி தரையிலிருந்து மூன்றரை அடியில் போய்விடுகிறது, அதாவது ஓதத்துக்கு மேலே. கெட்டியான செங்கல் அங்கேதான் இருக்கும். ஆனால் ஒரு பக்கமாக ஏறி உட்காரும்போது சங்கிலி தோளிலும் முழங்கையிலும் இடிக்கும். குழந்தைகள் அதைப் பிடித்துத் தொங்காமல் இருக்க மாட்டார்கள். கூடத்துக்கு வேண்டாம் என்பேன். கொல்லைத் தாழ்வாரத்தில், கை கால் கழுவிவிட்டு உட்காரும் இடத்துக்குச் சங்கிலி நன்றாகவே பொருந்தும்.

பிராக்கெட் வகை எப்போது சரி

பிராக்கெட்டில் மாட்டிய பெஞ்சின் அழகை நான் மறுக்கவில்லை. கீழே எதுவும் இல்லை, பெருக்கித் துடைக்கச் சுலபம், ஒரு லீவரைத் தட்டினால் பலகை இறங்கிவிடும். ஆனால் அது எந்தப் பக்கம் மடிகிறது என்று வாங்கும்முன் பாருங்கள். பெரும்பாலான மடக்கு பிராக்கெட்டுகள் கீழ்நோக்கித்தான் மடியும். 18 அங்குல உயரத்தில் 16 அங்குலப் பலகை கீழே தொங்கினால், அதன் ஓரத்துக்கும் தரைக்கும் இடைவெளி இரண்டே அங்குலம். தினமும் வீடு துடைக்கிற ஈரமும், வாசல் தெளிக்கிற தண்ணீரும், மழைக்காலத்தில் ரேழிவரை வந்துவிடுகிற வெள்ளமும் அந்த ஓரத்தில்தான் படும். பிளைவுட் ஓரம் இப்படி ஒரு கார்த்திகையைக் கடந்தால் ஏடு ஏடாகப் பிரியும். கால் வகை பெஞ்ச் மேல்நோக்கி மடிவதால் பலகை 18 அங்குலத்துக்கு மேலே, தரைத் தண்ணீர் எட்டாத உயரத்தில், சுவரில் சாய்ந்து நிற்கும்.

அந்தரத்து பெஞ்ச்தான் வேண்டும், சுவரோ பழையது என்றால் ஒரு வழி இருக்கிறது. பிராக்கெட்டை நேரே சுவரில் மாட்டாதீர்கள். வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் மூன்றரை அடி உயரச் சட்டம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அதன் இரண்டு காலும் சுவரை ஒட்டித் தரையில் நிற்க வேண்டும். மேல் முனையில் மட்டும் சுவருக்கு போல்ட். பிராக்கெட் அந்தச் சட்டத்தில் ஏறும். அப்போது எடை முழுக்கத் தரைக்குப் போகும். போல்டை இழுக்கிற விசை, அதே 140 கிலோவுக்கு, 33 கிலோ ஆகிவிடும், ஏனென்றால் 6 அங்குலத்துக்குப் பதில் 42 அங்குலம் நெம்புதூரம் கிடைக்கிறது. போல்டும் ஓதத்துக்கு மேலே போய்விடுகிறது. இரண்டு குழாய் சுவரில் தெரியும், அவ்வளவுதான். சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்தால் கண்ணை உறுத்தாது.

கான்கிரீட் தூணோ, உலர்ந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோ இருந்தால் பிராக்கெட்டை நேரடியாகவே மாட்டலாம். 10 மில்லிமீட்டர் போல்ட், பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் குறைந்தது மூன்று அங்குலம் இறங்க வேண்டும். பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செங்கலின் நடுவில் துளை விழ வேண்டும், ஓரத்தில் விழுந்தால் விரியும் போல்ட் செங்கலையே பிளந்துவிடும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பசை விட்டால், பசை தூளைத்தான் பிடிக்கும், செங்கலைப் பிடிக்காது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர்க் குழாய் ஓடும், அந்தக் கோட்டில் துளை போடவே வேண்டாம்.

கால் வகையில் கவனிக்க வேண்டியது

இதைச் சிபாரிசு செய்வதால் இதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பலகைக்கு அடியில் கீலில் ஆடுகிற கால், யாராவது குதிகாலால் உதைத்தால் உள்ளே மடிந்துவிடக் கூடும். மடிந்தால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். அதனால் கால் செங்குத்தாக நிற்காமல், அடிப்பகுதி ஓர் அங்குலம் முன்தள்ளி நின்று, அந்த இடத்தில் ஒரு தடையில் முட்டி நிற்க வேண்டும். அப்போது எடை ஏற ஏறக் கால் தடையை இன்னும் இறுக்கமாக அழுத்தும். கூடவே பக்கத்துக்கு ஒரு மடக்குப் பட்டை போட்டுப் பூட்டிவிட்டால் பயமே இல்லை. இரண்டு காலையும் குறுக்குச் சட்டத்தால் இணையுங்கள், தனித்தனியாக விடாதீர்கள்.

பழைய வீட்டுத் தரை மட்டமாக இருக்காது. கழுவிவிட்டால் தண்ணீர் முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். ஆகையால் காலைப் பட்டறையிலேயே வெட்டி எடுத்து வராமல், இடத்தில் வைத்து அளந்து வெட்டச் சொல்லுங்கள். திருகினால் ஏறி இறங்குகிற ரப்பர் பாதம் மாட்டினால் இன்னும் நல்லது. மரக்கால் என்றால் கரையானுக்கு அது ஏணி. இரும்புக் கால்தான் சரி.

பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மருமகள் பிராக்கெட் வகையின் படத்தைக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உக்காரும்போது ஆடக்கூடாது தம்பி. எந்திரிக்கும்போது கைய ஊனிக்க எடம் வேணும். அது ரெண்டும் இருந்தாப் போதும், மத்தது அவ இஷ்டம்." ஒரு பெஞ்சுக்கு இதைவிடச் சரியான இலக்கணம் எனக்குத் தெரியாது. எழும்போது முன் ஓரத்தில் கையை ஊன்றி உடம்பை முன்னால் தள்ளுகிறோம். அந்தக் கணத்தில் பாரம் முழுக்க முன் ஓரத்துக்கு வந்துவிடும். பிராக்கெட்டுக்கு அதுதான் மிக மோசமான தருணம், கால் வகைக்கு அதுதான் மிகப் பத்திரமான தருணம். அந்த வீட்டில் கால் வகையே போட்டார்கள். பலகையின் ஒரு முனைக்கு மேல், சுவரில் தனியாக ஒரு கைப்பிடியும் வைத்தார்கள்.

மடக்காத வழிகள்

மடக்கவே வேண்டாம் என்கிற வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். வாசலில் இடம் இருந்தால் திண்ணைக்கு ஈடு எதுவும் இல்லை. செங்கல் வைத்துக் கட்டி, மேலே ரெட் ஆக்சைடு தேய்த்துவிட்டால் மழை, வெள்ளம், கரையான் எதைப் பற்றியும் கவலை இல்லை. வெயில் காலத்தில் குளிர்ச்சி. படுக்கலாம், வடாம் உலர்த்தலாம், தெருவில் போகிறவர் கூட ஒரு நிமிஷம் உட்கார்ந்து போகலாம். தெரு உயர உயர, வீடு தாழத் தாழ, வண்டி நிறுத்த இடம் கேட்கக் கேட்க, நிறைய வீடுகளில் திண்ணையை இடித்துவிட்டார்கள். இருக்கிற திண்ணையை இடித்துவிட்டு அங்கே மடக்கு பெஞ்ச் போடலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: இடிக்காதீர்கள். வண்டிக்கு வேறு இடம் பாருங்கள்.

கடப்பா கல்லைச் சுவரில் பதித்து இருக்கை செய்வதும் உண்டு. சுவர் கட்டும்போதே பதித்தால் சரி, கட்டிய சுவரை உடைத்து நுழைத்தால் ஒட்டு எப்போதும் பலவீனம்தான். அடியில் இரண்டு சின்னக் கட்டைச் சுவர் எழுப்பி அதன்மேல் கல்லை வையுங்கள். கல் முறிந்தால் முன்னறிவிப்பில்லாமல் முறியும்.

விசுப்பலகை இன்னும் நல்ல யோசனை. பழைய வீடுகளின் கூடத்தில் கிடக்கும் அந்த நீளப் பலகையை இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்தலாம், சுவரில் ஒரு துளை கூட வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வேறெதையும் யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க விட மாட்டார், விட்டாலும் காலி செய்யும்போது பெஞ்சை எடுத்துப் போக முடியாது. நகர்த்த ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் விசுப்பலகை சுமை. பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிடலாம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். வழுக்குகிற தரையில் வயதானவர்களுக்கு அது ஆகாது என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன்.

பலகையும் இரும்பும்

பலகைக்குத் தேக்கு சிறந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், விலையும் தெரியும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் பழைய தேக்குச் சட்டம், உத்தரம், கதவுப் பலகை ஆகியவற்றை முதலில் தேடுங்கள். பல காலம் காய்ந்த மரம், இனி முறுக்காது. அடுத்து பூவரசு. வாய்க்கால் கரையில் தானாக வளர்ந்து நிற்கிற மரம், இழை பின்னிக் கெட்டியாக இருக்கும், மாட்டு வண்டிக்குப் பயன்பட்டது. வேம்பு நல்லதுதான், நன்றாகக் காயாவிட்டால் வளையும். 2018 நவம்பர் 16 ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்ததை யாரும் மறக்க முடியாது. தென்னை மரத்தில் பலகை எடுப்பதானால் வெளிச்சுற்றில் மட்டும் எடுக்க வேண்டும். நடுப்பாகம் சோறு போல மெத்தென்று இருக்கும், ஆணி பிடிக்காது.

பிளைவுட் போடுவதாக இருந்தால் பலகையின் மேல் அச்சடித்திருக்கும் ஐ.எஸ். எண்ணை (இந்தியத் தர எண்) பாருங்கள். 710 என்றால் தண்ணீரைத் தாங்கும் மரைன் வகை. 303 என்பது பொது உபயோகத்துக்கானது, அதில் எம்.ஆர். என்று இருந்தால் ஈரப்பதத்தை ஓரளவுதான் தாங்கும். 18 அல்லது 19 மில்லிமீட்டர் கனம் வேண்டும். நாலடி பெஞ்சுக்கு இரண்டு முனையில் மட்டும் தாங்கல் இருந்தால் நடுவில் தொய்யும், அடியில் ஒரு அங்குலக் குழாயில் சட்டம் கொடுங்கள். எல்லா ஓரத்தையும் பெயின்டாலோ பட்டையாலோ அடைத்துவிடுங்கள். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். ஈரம் பட்டால் ஊறி உப்பும், ஸ்க்ரூ கழன்று வரும்.

இரும்பு விஷயத்தில் ஊர் முக்கியம். திருவையாறு, மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் சாதாரண இரும்புக் குழாய்க்கு ரெட் ஆக்சைடு பிரைமரும் இரண்டு கோட்டு எனாமலும் போதும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று கடலை நெருங்கினால் உப்புக்காற்று வெல்டிங் ஒட்டிலிருந்து தின்னத் தொடங்கும். அங்கே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டீலிலும் 304 ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விடும், 316 தாங்கும். பெஞ்ச் முழுவதையும் 316 இல் செய்தால் கட்டுப்படியாகாது. கீலும் போல்டும் மட்டுமாவது அதில் இருக்கட்டும், அவைதான் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும் இடம்.

மேலே மடிகிற பெஞ்சுக்குக் கொண்டி கட்டாயம். வெறும் காந்தம் போதாது. அந்த வழியாக ஸ்கூட்டர் போகும்போது ஹேண்டில் இடித்தால் பலகை கீழே சரிந்து காலில் விழும். கொண்டியைப் பெரியவர் கைக்கு எட்டும்படியும் குழந்தை கைக்கு எட்டாதபடியும் வையுங்கள். கீல் பக்கம் பலகைக்கும் சுவருக்கும் அரை அங்குல இடைவெளி விட்டால் விரல் நசுங்காது, சுவரும் காயும்.

அப்படியானால் எதைப் போடுவது

பழைய ஓட்டு வீடு, சுண்ணாம்பு அல்லது மண் சாந்துச் சுவர், ராத்திரி வண்டி உள்ளே வரும் என்றால், கால் இறங்கும் மடக்கு பெஞ்ச். வேறு யோசனையே வேண்டாம். புதிய வீட்டு சிட்அவுட், கான்கிரீட் தூண் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, வீட்டில் வயதானவர்கள் இல்லை என்றால் பிராக்கெட் போடுங்கள், அனுபவியுங்கள். வயதானவர்கள் இருந்தால் அங்கேயும் கால் வகைதான். வாடகை வீட்டுக்கு விசுப்பலகை. திண்ணை இருக்கும் வீட்டுக்குத் திண்ணையே போதும். செலவைப் பார்த்தால், கடையில் வாங்கும் பிராக்கெட் ஜோடிதான் முதலில் மலிவாகத் தெரியும். அதற்கேற்ற ஆங்கர், பசை, நல்ல பலகை எல்லாம் சேர்த்தால், பட்டறையில் செய்யும் கால் வகைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

வேலை செய்வதற்கு மழைக்காலம் வேண்டாம். தை, மாசியில் சுவர் ஓரளவு காய்ந்திருக்கும், பங்குனி, சித்திரையில் இன்னும் நன்றாகக் காயும். ஓதம் பூத்த பூச்சு இருந்தால் பெஞ்ச் வருவதற்கு முன் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சே திரும்பப் பூச வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.

மாட்டி முடித்ததும் யாரையும் உட்கார விடாதீர்கள். பசை ஆங்கர் என்றால் டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஆறட்டும். பிறகு 40 கிலோ நெல் மூட்டை நாலை, பலகையின் முன்பாதியில் வரும்படி, ஒவ்வொன்றாக ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மூட்டை இல்லாத வீட்டில் தண்ணீர்க் குடம் வைக்கலாம். பிராக்கெட் வகை என்றால், காலையில் ஒரு மெல்லிய காகிதத்தைச் சுவருக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே, மேல் போல்டை ஒட்டி நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பெஞ்ச் உங்களுடையது. நுழைந்தால் மூட்டைகளை இறக்கி, பெஞ்சை மடக்கிவிட்டு, முன்பக்கம் கால் வைக்க வெல்டிங் பட்டறைக்காரரை வரச் சொல்லுங்கள்.